நடைப்பயண வண்டிக்கு ஒரு குளிர்ப்பெட்டி



ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியில், கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில், காவியுடை உடுத்துக் கூட்டங்கூட்டமாகத் தெற்கு நோக்கி நடந்துசெல்லும் மக்களைக் கண்டிராதவர் நம்மிடையே இரார். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. அதற்குள் போய்ச் சேரவேண்டும் என்ற ஆவலுடன் செல்லும் ஒவ்வொரு கூட்டத்துடனும் ஒரு வேனும் செல்கிறது. அரிசி மூட்டை, அடுப்பு, எரிவாயு உருளை, பாய்கள், மருந்துப் பெட்டி, காலில் கொப்புளம் கண்டு நடக்க இயலாதவர் இருவர் மூவர் என்று அந்த வண்டிக்குள் ஒரு சிறு குடும்பமே அடங்கியிருக்கும். உண்ணவும் உறங்கவும் வசதி செய்த வண்டியில் ஊர் ஊராகச் சுற்றும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. அவர்கள் அதனைக் கேம்பர் வேன் என்பர். நமக்கு வாய்த்த கேம்பர் வேன் இந்த நடைப்பயண வண்டியேயாகும்.

இவ்வண்டிக்குள் ஒரு குளிர்ப்பெட்டி வைக்கலாமா, வைப்பதாயின் எத்தகைய பெட்டியை வாங்குவது என்ற கேள்வி அண்மைக் காலத்தில் பல ஊர்களில் எழுந்துள்ளது. இதென்ன, பங்குக் குருவானவர் குளிர்ப்பெட்டியைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் வியக்கலாம். குடிகாட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுடன் அமர்ந்து இக்கேள்வியை நான் ஆராய நேர்ந்தது. அதில் அடங்கியிருந்த பொருள் குளிர்ந்த நீரன்று, சிலருடைய உயிர். ஆதலின் நாங்கள் கண்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், குளிர்ப்பெட்டி யாருக்கு வேண்டும்? நீரிழிவு நோய்க்காக நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் இன்று நம் ஊர்களில் பலர். உப்பனாற்றுக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் அருகே அமைந்த குடிகாட்டுப் பக்கத்தில், இளமை முதல் ஆண்டுதோறும் நடந்துபோய் வந்த ஒரு தாயார், ஊசி தொடங்கிய ஆண்டிலிருந்து வீட்டிலேயே தங்கிவிட்டார். "மருந்து கெட்டுப்போனா வழியில யாருக்கும் பாரமாயிடுவேன் சாமி, அதான் வரல" என்று அவர் கூறினார். அவரைப் போல் இன்னும் நால்வர் இருப்பது விசாரித்தபோது தெரிந்தது. ஐவரும் நடக்கத் தெம்புள்ளவர்கள். அவர்களைத் தடுத்தது கால் அன்று. கட்டைவிரல் அளவேயான ஒரு மருந்துக் குப்பி.

இன்சுலினின் இயல்பை இவ்விடத்தில் அறிந்துகொள்ளுதல் நலம். திறவாத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் காக்கவேண்டும். திறந்து பயன்படுத்தும் குப்பி, 25 அல்லது 30 டிகிரிக்கு மிகாத அறைச் சூட்டில், பெரும்பாலும் நான்கு வாரம்வரை தாங்கும். மருந்துக்கு மருந்து இது சிறிது மாறுபடுவதால், பெட்டியிலுள்ள குறிப்பையும் மருத்துவரின் சொல்லையுமே முடிவாகக் கொள்ளவேண்டும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் சூடு 40 டிகிரியை எளிதாகத் தாண்டும்; அங்கே மருந்து தன் வீரியத்தை இழக்கும். அதே வேளையில், மிகுந்த குளிரும் இம்மருந்துக்குப் பகையே. ஒருமுறை உறைந்த இன்சுலின் பின்னர் உருகித் தெளிந்தாலும் பயன்படாது. ஆகவே பனிக்கட்டியின்மேல் குப்பியை நேரே வைப்பவர், மருந்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அதனைக் கெடுக்கிறார்.

இனி, வண்டியின் இயல்பைக் காண்போம். வழக்கமாகச் சுற்றுலா வண்டி நாளெல்லாம் ஓடும். ஓடும் எஞ்சின் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டேயிருக்கும். நடைப்பயண வண்டியோ அவ்வாறன்று. குடிகாட்டிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் ஐந்தாறு நாள் ஆகும். வண்டி அந்த 25 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டு, எஞ்சிய 23 மணி நேரமும் புளியமரத்தடியிலோ, கோயில் வளாகத்திலோ, சாலையோரத்திலோ நிற்கும். எஞ்சின் ஊட்டுவது அற்பம். பெட்டி உண்பதோ இருபத்து நான்கு மணி நேரமும். பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்வொரு செய்தியை மறந்தால் மற்றக் கணக்குகள் யாவும் பிழைத்துப்போகும்.

மின்சாரம் நின்றுபோன குளிர்ப்பெட்டி வெறும் அலமாரியே என்பதைக் கடலூர் மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபின், நம் ஊர்கள் பலவற்றில் நாட்கணக்கிலும், சிலவற்றில் வாரக்கணக்கிலும் விளக்கு எரியவில்லை. அந்நாட்களில் வீடுகளிலிருந்த விலையுயர்ந்த பெட்டிகள் யாவும் அலமாரிகளாகவே நின்றன.

பேட்டரியை ஒரு குடமாகக் கருதுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதப்பட்ட ஈய-அமிலப் பேட்டரி ஒன்றில், அதன் ஆயுள் குறையாமல் நாம் முகக்கக்கூடியது பாதியளவே. அதாவது 50 ஆம்பியர்-மணி. மேலும், வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து பெட்டிக்கு மின்சாரம் எடுத்தால், விடியற்காலையில் வண்டியே கிளம்பாது. ஆகையால் பெட்டிக்கெனத் தனிப் பேட்டரி ஒன்று இன்றியமையாதது. அக்குடத்தை எந்தப் பெட்டி எவ்வளவு நேரத்தில் காலி செய்யும் என்று பார்ப்போம். கீழே நான் தரும் எண்கள் தோராயமானவை. பெட்டிக்குப் பெட்டி சிறிது மாறும்.

முதலாவது, வீட்டுக் குளிர்ப்பெட்டி. எங்கள் நண்பர் ஒருவர் தம் வீட்டிலிருந்த ஒற்றைக் கதவுப் பெட்டியை இன்வெர்ட்டருடன் அன்பளிப்பாகத் தர முன்வந்தார். இந்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2006 முதல் நடத்திவரும் திட்டத்தின்படி, பெட்டிகளில் நட்சத்திரச் சீட்டு ஒட்டப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதில் அச்சிட்டிருக்கும் எண்ணை 365-ஆல் வகுத்துப் பாருங்கள். 180 யூனிட் என்றிருந்தால் நாளொன்றுக்கு அரை யூனிட். வீட்டில் அது சிக்கனமே. ஆனால் வேனின் வெப்பத்தையும் இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் முக்கால் யூனிட்டைத் தாண்டும்; அதாவது 60 ஆம்பியர்-மணிக்கு மேல். நம் குடம் ஒரு நாளுக்கே போதாது. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் அது பன்மடங்கு மின்சாரம் இழுப்பதால் சிறிய இன்வெர்ட்டர் நின்றுபோகும். நிலைக்கதவைத் திறக்குந்தோறும் கனமான குளிர்காற்று கீழே வழிந்து வெளியேறும் குறையும் உண்டு.

இரண்டாவது, வண்டியின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவான சிறுபெட்டி. 1834-இல் பெல்டியர் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ட உண்மையை அடிப்படையாகக் கொண்டது இது. இருவேறு உலோகங்களின் இணைப்பு வழியே மின்சாரம் பாய்ந்தால் ஒருபக்கம் குளிரும், மறுபக்கம் சூடேறும். இதில் கம்ப்ரசர் இல்லை, வாயு இல்லை, பழுதும் குறைவு. கோத்ரெஜ் நிறுவனம் 2010-ஐ ஒட்டி, மின்தடை மிகுந்த சிற்றூர்களுக்காகச் 'சோட்டுகூல்' என்ற பெட்டியை இம்முறையில்தான் செய்து, நாலாயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் விற்றது. 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் அப்பெட்டி மேலே திறக்கும்படி அமைந்திருந்தது; குளிர் வழிந்துபோகாதிருக்க அது நல்ல உபாயம். ஆயினும் இவ்வகைப் பெட்டி வெளிச்சூட்டிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி மட்டுமே இறக்கவல்லது. வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே 15. காய்கறிக்குப் போதும், இன்சுலினுக்குப் போதாது. ஓய்வின்றி 4 ஆம்பியர் இழுப்பதால் நம் குடமும் பன்னிரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும். விலையில் மலிந்தது செலவில் மலிந்ததாகாது என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது, நெருப்பினால் குளிரூட்டும் பெட்டி. நான் சிறுவனாயிருந்தபோது, அருட்சகோதரிகள் நடத்திய மருந்தகம் ஒன்றில் மண்ணெண்ணெய் விளக்கின்மேல் இயங்கிய பெட்டியைக் கண்டு வியந்ததுண்டு. தீயை மூட்டினால் எவ்வாறு குளிரும்? அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரிந்து, குளிர்ந்து திரவமாகி, மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இயங்கும் உறுப்பு ஒன்றுமில்லாத இவ்வமைப்பை, 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவராயிருந்த ஃபான் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இருவர் வகுத்தனர். பின்னர் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதனை உலகெங்கும் பரப்பியது. மேலைநாட்டுக் கேம்பர் வேன்களில் எரிவாயுவில் இயங்கும் இவ்வகைப் பெட்டிகள் நெடுங்காலம் இடம்பெற்றன. ஆனால் திரவம் தன் எடையால் வழிந்தோடியே இது வேலை செய்வதால், பெட்டி மட்டமாக நிற்கவேண்டும். சாலையோரச் சரிவில் நிற்கும் வண்டிக்கு இது ஒவ்வாது. பாயும் துணியும் அடைத்த, மக்கள் உறங்கும் வேனுக்குள் எரியும் சுடரை வைப்பது பெரும் ஆபத்து. தீயை விடுத்துப் பேட்டரியில் இயக்கினாலோ 8 ஆம்பியர் வரை ஓயாது இழுக்கும். ஆறு மணி நேரத்தில் குடம் காலி.

நான்காவது, நேரே 12 வோல்ட்டில் இயங்கும் கம்ப்ரசர் பெட்டி. வீட்டுப் பெட்டியின் தத்துவமே இதிலும். ஆனால் இன்வெர்ட்டர் வேண்டா, மேலே திறக்கும், வண்டியின் குலுக்கலையும் சரிவையும் தாங்கும். கம்ப்ரசர் ஓடும்போது 4 ஆம்பியர் இழுத்தாலும், உள்ளே குளிர்ந்தவுடன் தானே நின்றுவிடும். 20 லிட்டர் அளவுள்ள பெட்டியில், நம் ஊர் வெயிலில்கூட, மணிக்கு ஒன்றரை ஆம்பியர்தான் சராசரி. நாளொன்றுக்கு 36 ஆம்பியர்-மணி. நம் குடம் ஒரு நாளுக்கும் மேல் தாங்கும். வேனின் கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தினால், நல்ல வெயில் நாளில் 400 வாட்-மணி, அதாவது 33 ஆம்பியர்-மணி கிடைக்கும். வண்டி ஓடும் ஒரு மணி நேரத்தில் சிறிதும், இரவு தங்குமிடத்தில் செருகிக்கொள்வதில் சிறிதும் சேர்ந்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். இதன் விலைதான் மலிவுப் பெட்டியைவிடப் பன்மடங்கு. ஆயினும் நாள்தோறும் உண்பதைக் கணக்கிட்டால் இதுவே சிக்கனமானது.

நிற்க. பெட்டியின் வகையை முடிவு செய்தபின், அளவைப் பற்றிய வாதம் எழுந்தது. "வாங்குறதே வாங்குறோம், எல்லாருக்கும் ஜில்லுன்னு தண்ணி கொடுக்கிற மாதிரி பெருசா வாங்கிடுவோம் ஃபாதர்" என்றனர் இளைஞர். வெயிலில் நடப்பவர்க்குக் குளிர்ந்த நீர் கொடுப்பது அறமன்றோ? ஆனால் தொழிற்பேட்டையில் பணிபுரியும் அவர்களுள் ஒருவரே தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். பத்து லிட்டர் நீரை 35 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க 300 கிலோ கலோரி வெப்பத்தை அகற்றவேண்டும். ஏறத்தாழ நான்கு கிலோ பனிக்கட்டியை உருக்கும் வெப்பம் அது. சிறிய பெட்டி பல மணி நேரம் உழைத்தாலன்றி முடியாத வேலை. அதற்குள் மருந்து வைத்த இடத்திலும் சூடு ஏறிவிடும். முப்பது பேருக்கு ஆளுக்கொரு குவளை நீர் கொடுப்பதற்காக ஐந்து பேருடைய மருந்தைக் கெடுப்பதா? அவர் கணக்கை முடித்ததும் வாதமும் முடிந்தது.

தண்ணீருக்கு மண்பானை இருக்கிறது. பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். மின்சாரம் ஒரு துளியும் வேண்டா. குஜராத்திலுள்ள வாங்கானேர் என்ற ஊரைச் சேர்ந்த குயவர் மன்சுக்பாய் பிரஜாபதி, 2001-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பிறகு, இவ்வுண்மையைக் கொண்டே 'மிட்டிகூல்' என்ற களிமண் குளிர்ப்பெட்டியைச் செய்து புகழ் பெற்றார். ஆனால் நம்முடையது கடலோரம், காற்றில் ஈரம் மிகுதி, ஆவியாதல் குறைவு. ஆகவே பானை நீரைக் குடிக்க இதமாக்கும். 8 டிகிரிக்கு இறக்காது. அவரவர் அன்றாடம் பயன்படுத்தும் குப்பியைக் காற்றோட்டமான நிழலில், பானைக்குள் சிறு ஏனத்தில் நனையாமல் வைத்துக்கொள்ளலாம். இருப்புக் குப்பிகள் பெட்டிக்குள் இருக்கவேண்டும். பாலையோ வழியெங்கும் அன்றன்று வாங்கிக் காய்ச்சிக்கொள்ளலாம். மீனும் இறைச்சியும் சமைக்கும் அன்று வாங்கினால் போதும்.

இவ்வாறு வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கியபின் எஞ்சியது என்ன? ஐவரின் மருந்துக் குப்பிகள்; ஒரு சிறிய டிபன் டப்பாவில் அடங்கிவிட்டன. அவசரத்துக்கு வேறு சில மருந்துகளையும் சேர்த்தாலும் 20 லிட்டர் பெட்டியே மிகை. நண்பர் அளித்த பெரிய பெட்டியை நன்றியுடன் ஏற்று, மின்இணைப்புள்ள பங்கு மன்றத்தில் வைத்தோம். அதன் உரிய இடம் அதுவே. வேனுக்குப் புதிதாக வாங்கியது கம்ப்ரசர் வகையைச் சேர்ந்த சிறு பெட்டி.

கடந்த ஆண்டு அவ்வண்டி புறப்பட்டது. முதல் நாள் மாலையே பெட்டியை வீட்டு மின்சாரத்தில் குளிரவைத்து, காலியிடத்தைக் குளிர்ந்த நீர்க் குப்பிகளால் நிரப்பினர். வேனை எங்கு நிறுத்தினாலும் நிழல் தேடினர். பெட்டியின் காற்றுத் துளைகளைப் பாய் மூடாமல் பார்த்துக்கொண்டனர். ஒரு சிறிய வெப்பமானியை உள்ளே வைத்து, காலையும் மாலையும் எண்ணைக் குறித்துவைக்கும் பொறுப்பை ஒரு சிறுமியிடம் ஒப்படைத்தனர். சிதம்பரம், கொள்ளிடப் பாலம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று அவள் எழுதிய ஏட்டை நான் பார்த்தேன். நான்கு, ஐந்து, ஆறு என்றே எண்கள் இருந்தன. வானம் மூடிய ஒரு மாலையில் மட்டும் ஏழு. பல ஆண்டு வீட்டிலிருந்த அந்தத் தாயார் தம் காலால் நடந்து வேளாங்கண்ணி சேர்ந்தார்.

இத்தனை பொருள் செலவிட இயலாத ஊர்கள் என்ன செய்வது? அவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பாடம் கற்கலாம். புதன்கிழமைதோறும் தடுப்பூசி போட வரும் அவர் தோளில் தொங்கும் பெட்டியைக் கண்டிருப்பீர்கள். தடித்த வெப்பத்தடுப்புச் சுவர், உள்ளே நான்கு பனிக்கட்டிப் பைகள், நடுவில் மருந்து. உறைபெட்டியிலிருந்து எடுத்த பையை அவர் உடனே உள்ளே வைப்பதில்லை. அது வியர்க்கும்வரை, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை காத்திருப்பார்; இல்லையெனில் மருந்து உறைந்துவிடும். அத்தகைய பெட்டி ஒன்றும், இரவில் தங்கும் ஊர்களில் பனிக்கட்டிப் பைகளை மாற்றிக்கொள்ள முன்கூட்டியே செய்த ஏற்பாடும் இருந்தால் சிலருடைய மருந்தைக் காக்கலாம். கடலூர் முதுநகர், நாகப்பட்டினம் போன்ற துறைமுக ஊர்களில் பனிக்கட்டி கிடைப்பதும் அரிதன்று. ஆனால் மீனுக்குச் செய்த பனிக்கட்டியைக் குடிநீரில் இடலாகாது. குப்பியை அது தொடவும் விடலாகாது.

வாசகர்களே, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். குளிர்ப்பெட்டி வாங்கப் புகுமுன் கடைக்காரரிடம் எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன்னால், நம்மை நாமே நான்கு கேள்வி கேட்டுக்கொள்வோம். குளிரவேண்டிய பொருள் எது? எத்தனை டிகிரி? வண்டி நாளில் எத்தனை மணி நேரம் நிற்கும்? அத்தனை நேரமும் பெட்டிக்கு உணவூட்டுவது எது? இவற்றுக்கு விடை கிடைத்தால் பெட்டி தானே தேர்ந்துவிடும். இன்னும் ஒன்று. இவ்வாண்டு உங்கள் ஊர்க் கூட்டம் புறப்படுமுன், பெயர்ப் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் எண்ணாதீர்கள். பெயர் கொடுக்காமல் வீட்டில் தங்கியவர் யார், ஏன் தங்கினார் என்று ஒருமுறை அவர்கள் வாசலில் நின்று கேளுங்கள். வாங்கவேண்டிய பெட்டியின் அளவை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.